இருதயராஜ் அடித்த நாற்பத்தேழு

பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டரில் பூஜ்யம் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இருதயராஜ் டேங்க் மூடியைத் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் செருப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற ஆள் ஆவடியிலேயே அவர் ஒருத்தர்தான். "எங்கப்பா போட்ட செயினை கல்யாணத்தன்னிக்கே ஒரசிப் பாத்த மனுசன்" என்று மனைவி புஷ்பா குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவரும் அதை மறுத்ததில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான். பூதம் கட்டுகிற தொழிற்சாலையில் பரிசோதகர். ராணுவம் அந்த இயந்திரத்துக்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தது. ஆவடியில் அது பூதம்தான். ஆறு மாடி உயரம். நெஞ்சு, இரண்டு கை, இரண்டு கால் என்று ஐந்து துண்டாகக் கழற்றி மாட்டலாம். சமதரையில் இரண்டு காலில் நிற்கும். மலைச்சரிவு வந்தால் கைகளைக் கீழே இறக்கி மாட்டி, நாலு காலில் நடக்கும். ஒன்றின் கை போனால் இன்னொன்றின் கையைக் கழற்றி மாட்டிக்கொள்ளும். எந்தத் துண்டு எங்கே போனாலும் உடம்போடு சேர்த்துப் பிடிப்பது லாரி டயர் அளவுக்கு ஒரு இரும்பு வளையம்.

அந்த வளையத்தில் விரிசல் இல்லை என்று பார்த்து, 47 என்ற எண்ணையும் தேதியையும் அடித்துப் பதிப்பது இருதயராஜின் வேலை. நாற்பத்தேழு என்றால் அவர்தான். வளையம் உடைந்தால் அவரைத்தான் பிடிப்பார்கள். எண் செதுக்கிய இரும்பு அச்சை, அதாவது பஞ்ச்சை, கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் இன்னொருவர் கை அதன்மேல் பட விட்டதில்லை என்று பெருமையும் பேசுவார். இடது கையால் சுத்தியல் பிடிப்பதால், அவர் அடிக்கும் எண் எப்போதும் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கும்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குப் புதுப் பூதத்தின் சோதனை ஓட்டம். அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டப்போவது அவருடைய மகள் ஜெபா. அந்த இருக்கைக்காக இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவள். பெற்ற மனசு கேட்குமா? மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மின்தூக்கியில் ஏறி ஒவ்வொரு வளையமாகப் பார்த்தார். கால் வளையங்கள் சரி. இடது தோள் சரி. வலது தோளில் 47 வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

தான் அடிக்காத நாற்பத்தேழு! எவனோ கள்ளப் பஞ்ச் செய்து அடித்திருக்கிறான். நாளைக்குக் கையைக் காலாக மாற்றும்போது பூதத்தின் மொத்த எடையும் இந்த வளையத்தில்தான் இறங்கும். உள்ளே மகள் இருப்பாள்.

யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வளையம் மாட்டுகிறவன் டில்லிபாபு. கோவில்பதாகையில் சொந்தமாக மாடி கட்டுகிறான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான். போன வாரம் "எத்தினி மணிக்கு ஊட்டுக்குப் போவ அண்ணாத்தே?" என்று கேட்டானே, எதற்குக் கேட்டான்? மின்தூக்கி தரையைத் தொடுவதற்குள் டில்லிபாபுவுக்குத் தண்டனையே எழுதிவிட்டார்.

கீழே டில்லிபாபுவும், சீருடையில் ஜெபாவும் நின்றிருந்தார்கள்.

"என் நம்பரை நீதானடா அடிச்ச?" இருதயராஜ் அவன் சட்டையைப் பிடித்தார். "எம்பொண்ணு உயிருடா அது!"

"இன்னா அண்ணாத்தே, கைய எடு." டில்லிபாபு முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினான். "தேதிய பாத்தியா?"

"பதினாலு."

"ஜெபாவுக்கு பூதம் ஓட்ட ஆர்டர் வந்த நாளு. நீ பாதுஷா டப்பாவ இடது கைல வச்சிகினு கொட்டாயி பூரா குடுத்துகினு வந்த. நான் வளையம் ரெடின்னேன். 'பஞ்சைப் புடிடா'ன்னு எங்கைல குடுத்துட்டு, சோத்துக் கையால சுத்தியல எடுத்து நீதான் அடிச்ச. டப்பாவ கீழ வக்கவே இல்ல."

இருதயராஜ் சட்டையை விட்டார். பாதுஷாவின் பாகு விரலில் பிசுபிசுத்தது நினைவுக்கு வந்தது. விரிசல் பார்த்தாரா? பார்த்ததாக நினைவே இல்லை.

வளையத்தைக் கழற்றி இறக்கினார்கள். டில்லிபாபு அதன்மேல் சிவப்பு மையைப் பூசி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வெள்ளை மாவைத் தூவினான். விரிசல் இருந்தால் உள்ளே போன மை மாவில் ஊறி வெளியே வரும். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து, ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது.

இருதயராஜுக்கு அழுகை வந்துவிட்டது. "பொயச்சடி, தாயே" என்று மகளின் தோளைப் பற்றினார். டில்லிபாபுவைப் பார்த்து, "மன்னிச்சுக்கோடா" என்றார்.

ஜெபா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மொத்தம் எத்தினி வளையம் அடிச்ச நைனா?"

"பன்னெண்டு."

"ஒண்ணு இங்க கீது. மீதி பதினொண்ணு?"

அவை கைகளிலும் கால்களிலும் ஏறி வெளியே போய்விட்டன. போன இடத்தில் இதைக் கழற்றி அதில், அதைக் கழற்றி இதில் என்று மாட்டியிருப்பார்கள். எந்தக் கை எந்த உடம்பில் இருக்கிறது என்று ஆவடியில் ஒருவருக்கும் தெரியாது.

"உள்ள என்னை மாதிரிதான் ஆளுங்க உக்காந்துகினு கீறாங்க" என்றாள் ஜெபா.

அவர் பரிசோதனைப் பிரிவின் தலைவி சபீனாவின் அறைக்கு நடந்தார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பஞ்சை மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு ஓட்டம் வேணாம் மேடம். வெளிய போன பூதம் அத்தினியும் இருக்கிற இடத்துலயே நிக்கச் சொல்லுங்க. பன்னெண்டு வளையம் பாக்காமலே முத்திரை வுழுந்திருக்கு."

சபீனா அலுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு புகார் இருதயராஜிடமிருந்து வாங்குகிறவர். "இந்த வாரம் யார்மேல சந்தேகம்? நிச்சயமாத் தெரியுமா, இல்ல வழக்கம்போலவா?"

"நிச்சயமாத் தெரியும் மேடம். நான்தான்" என்றார் இருதயராஜ். "இத்தினி வருசத்துல நான் சோதிக்காம வுட்டது இந்த ஒரு ஆளைத்தான்."