ஒரே முகட்டில் இரண்டு கொத்துகள்

ஆய்வேட்டின் பொது வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பவர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது எங்கள் வட்டாரத்தில் வழக்கம். சிரித்துக்கொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, நம்பகமான நாலு பேரிடம் கொடுத்துவிடுவார்கள். என்னோடு வேலை பார்த்த அவள் என்னை நம்பி ஒரு சீட்டைக் கொடுத்தாள். அது அவளுடைய புத்திக்குறைவு.

திருவண்ணாமலையில் ஒரே கல்லூரியில் இருவரும் தற்காலிகமாக இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நிரந்தர இடம் வந்தது. நான் ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன், ஆனால் பணியில் அவள்தான் சீனியர். வாய்மொழித் தேர்வில் அவள் தேறினால் இடம் அவளுக்கு, தேறாவிட்டால் எனக்கு.

அவள் ஆராய்ச்சி சின்னஞ்சிறு கார்பன் கொத்துகளைப் பற்றியது. மூன்று, நான்கு, ஐந்து அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் கொத்தின்மேல் வேகமான அயனி வந்து மோதினால் எலக்ட்ரான்கள் பிய்ந்துபோகும். மிச்சமிருக்கும் நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். கொத்து தாங்குமா, சிதறுமா? நான்கு அணுக் கொத்து இரண்டு எலக்ட்ரான்களை இழந்தும் உடையாமல் நிற்கிறது என்றாள் அவள். வரைபடத்தில் உயரமாக ஒரு முகடு இருந்தது. நாங்கள் பீக் என்போம். அவளுக்கு இருந்த ஆதாரம் அது ஒன்றுதான்.

ஆனால் அந்த வரைபடத்தைத் தரும் கருவி எடையைத் தனியாக அளக்காது, மின்னூட்டத்தால் வகுத்துத்தான் காட்டும். இரண்டு எலக்ட்ரான் இழந்த நான்கு அணுவும், ஒன்றை இழந்த இரண்டு அணுவும் ஒரே இடத்தில் வந்து விழும். அவள் காட்டிய முகடு முழுக் கொத்தாகவும் இருக்கலாம், உடைந்த பாதியாகவும் இருக்கலாம். ஏட்டை எனக்குப் படிக்கக் கொடுத்த அன்றே இது எனக்குத் தெரிந்துவிட்டது. சமர்ப்பிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது, திருத்த அது போதும். "நல்லா இருக்குடி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

தேர்வன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பட்டுப்புடவையில் மாமியார், வெள்ளை வேட்டியில் அப்பா, பின்வரிசை மேசையில் ஜாங்கிரியும் மிக்சரும்.

என் முறை வந்தது. சீட்டில் இருந்ததை விட்டுவிட்டு, "மேடம், அந்த பீக் ரெண்டு அணு கொத்து இல்லைனு எப்படி சொல்றீங்க?" என்று பவ்வியமாகக் கேட்டேன்.

அவள் திரும்பி வரைபடத்தைப் பார்த்தாள். அந்த முதுகைப் பார்க்க எனக்கு இனித்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, இனிக்கத்தான் செய்தது. வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி கேட்டார். அவள் ஸ்லைடுகளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். ஏட்டைத் திருத்தி மறுபடி கொடுக்கும்படி சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னது புரியாமல் அவள் அப்பா கைதட்டினார். வேனில் வந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

"நல்லா கேட்டீங்கம்மா" என்று மாமியார் என் தட்டில் ஜாங்கிரியை ஜாஸ்தியாகவே வைத்தார். தின்றேன்.

கை கழுவும் இடத்துக்கு அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உனக்கு எப்போ தோணிச்சு?"

"இப்பதான். நீ ஸ்லைடு போட்டப்போ."

என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைடி, நீ கேட்டே. பட்டம் வாங்கினப்புறம் வேற எவனாவது கேட்டிருந்தா மானமே போயிருக்கும். அந்த வேலைக்கு நீயே போ. எனக்கு வருத்தமே இல்ல."

போனேன். வெட்கமாக இருந்தது, ஆனால் வேலையை விடவில்லை. அவள் இன்னும் தற்காலிகம்தான். திருத்திய ஏட்டின் நன்றிப் பக்கத்தில், தன் அப்பாவுக்கும் முன்னால் என் பெயரைப் போட்டிருக்கிறாள்.