பிர்க்கன்காம்பின் ஆறு பேர்

பேப்பர் போடுகிற வேலையில் ஆட்களைத் தெரிய முன்னமே அவர்களுடைய தபால்பெட்டிகளைத் தெரிந்துவிடும். எந்த மூடி விரலைக் கடிக்கும், எந்தப் பெட்டி மழைக்கு ஒழுகும் என்பதெல்லாம் கைக்கே மனப்பாடம். உங்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் நித்திரையை முறித்து உழைத்தவர்கள், சட்டி கழுவியவர்கள், ஆஸ்பத்திரித் தளம் துடைத்தவர்கள். ஊர் எழும்புகிற நேரம் படுக்கப் போய், கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடக்கிற அந்த வியாதியை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் அதற்கு மருந்தாக வாசித்தேன். மிஞ்சுகிற பேப்பரையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டுதான் டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, படித்தேன். வகுப்பு எதற்கும் போகவில்லை. மரண அறிவித்தல்கள் சுகமான பாடம். வசனங்கள் சின்னன், யார் செத்தாலும் அதே வசனம்.

பெயர்ப்பலகை இல்லாத ஊர்

பத்து வருடம் நான் பேப்பர் போட்ட இடம் டுசல்டோர்ஃபின் ஓரத்தில் இருந்தது. பிர்க்கன்காம்ப் என்பார்கள். ஆனால் தனக்கென்று ஒரு மஞ்சள் ஊர்ப்பலகை அதற்குக் கிடையாது. கடிதம் நகரத்தின் பெயரில்தான் வரும். பஸ்ஸுக்கு அது கடைசிக்கு முந்தின தரிப்பு, அவ்வளவுதான். ஏறக்குறைய நூறு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே கூரைச் சாய்வு, பின்னால் ஒரே அகலத்தில் நீளத் தோட்டம். தெருக்களுக்கு மட்டும் இப்போது போலந்தில் இருக்கிற ஊர்களின் பெயர்கள். யுத்தம் முடிந்து கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த சனம் ஐம்பதுகளில் தங்கள் கையாலேயே கட்டிய குடியிருப்பு அது. பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் அதை அகதிமுகாம் என்றுதான் சொல்வார்களாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஹெர் நோவாக், எங்கள் பாஷையில் திரு நோவாக். எண்பதை நெருங்கிய மனுஷன். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. விடிய ஐந்தரைக்கே கேற்றடியில் நிற்பார். பேப்பரைப் பெட்டிக்குள் போட விடமாட்டார், கையில்தான் வாங்குவார். பழக்கமான புதிதில் ஒருநாள், "இந்த இடத்துக்கு ஒரு சேர்ச்கூட இல்லையே?" என்று கேட்டுவிட்டேன். அவர் அங்கே இருந்த ஒரு வழக்கத்தைச் சொன்னார். ஒரு வீட்டில் யாராவது செத்தால் இடப்பக்கம் மூன்று வீடு, வலப்பக்கம் மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வரவேண்டும். அந்த ஆறு பேரும்தான் பிரேதப் பெட்டியைக் குழிவரைக்கும் தூக்குவார்கள். காசுக்கு ஆள் பிடிப்பதில்லை. சொல்லிவிட்டுப் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்களுக்கு மேயர் இல்லை, சேர்ச் இல்லை, ஸ்ரேசனும் இல்லை. செத்தால் தூக்குறதுக்கு அயல் இருக்கு. அது காணும்."

இழவு சொல்லுகிற உத்தியோகம்

மார்க் காசு போய் ஐரோக் காசு வந்த அந்தக் குளிரில், ஹெர் நோவாக்கின் அடுத்த வீட்டு ஃபிராவ் பெக்கர் ஒரு விடியக்காலை என்னை மறித்தார். இரவு அவருடைய கணவர் செத்துப்போனார். மனுசி அழவில்லை. கையில் ஒரு கட்டுக் கடுதாசித் துண்டுகள். "சனிக்கிழமை பத்து மணி. ஆறு பேர் தேவை" என்று ஒவ்வொன்றிலும் கையால் எழுதியிருந்தது. பக்கத்து ஆறு வீட்டில் தூக்க ஆள் காணாது என்று, இந்த முறை பேப்பர் எடுக்கிற எல்லா வீட்டுக்கும் அறிவித்தல். அந்தக் காலத்தில் அயலவன் ஒருவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லுவானாம். இப்போது நடக்கக்கூடியவன் யார் என்று பார்த்தால் நான்தான். பேப்பரோடு வேறொரு துண்டும் போடக்கூடாது என்பது எங்கள் கொம்பனிச் சட்டம். நான் போட்டேன்.

பக்கத்து வட்டாரத்தில் பேப்பர் போடுகிற தயா நம்மட பெடியன். வேலை முடிந்து இரண்டு பேரும் பஸ் தரிப்பில் கோப்பி குடிப்பது வழக்கம். மிச்சமிருந்த துண்டுகளை என் பையில் கண்டுவிட்டான். வாசித்தான், என்னைப் பார்த்தான், திரும்ப வாசித்தான். "என்னண்ணை இது? ஊரில இதுக்கு வேற ஆள் வைச்சிருந்தாங்கள். நீங்கள் ஜேர்மனிக்கு வந்து அந்த உத்தியோகமும் எடுத்திட்டியள் போல."

றப்பர்ச் சில்லு

அந்தச் சனிக்கிழமை எனக்கு நித்திரை வரவில்லை, எழும்பிப் போனேன். துண்டு அத்தனை வீட்டுக்குப் போயிருந்தது. வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். அடக்கம் செய்கிற கொம்பனிக்காரன் போய் ஒரு வண்டியைக் கொண்டுவந்தான். றப்பர்ச் சில்லு பூட்டிய வண்டி, மேலே கறுப்புத் துணி. பெட்டியை அதில் ஏற்றினார்கள். சரளைக்கல் பாதையில் ஒரு சில்லு சிக்கிக்கொள்ள, அவன் குனிந்து காலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

ஹெர் நோவாக் தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்தார். முகம் சுவர் மாதிரி இருந்தது. அவர் தன் சீவியத்தில் பதினேழு பேரைத் தூக்கியவர் என்று பிறகுதான் அறிந்தேன். எல்லாம் முடிந்து வாசலடிக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். அவர் அதற்குமுன் என்னைத் தொட்டதில்லை. "பெக்கர் இந்தத் தெரு முழுக்கக் கல்லுச் சுமந்தவன். அவனைச் சுப்பர்மார்க்கட் சாமான் மாதிரித் தள்ளிக்கொண்டு போனாங்கள். ஹெர் நாதன், அடுத்தது நான்."

கேற்றடிக் குடிசன மதிப்பு

அதன்பிறகு காலைக் கதை முழுக்க ஒரே கதைதான். யார் மிச்சம்? தெருவை மேலிருந்து கீழாக எண்ணுவார். ஏழாம் நம்பருக்கு முழங்கால் இல்லை. ஒன்பது மகளோடு தெற்குக்குப் போய்விட்டது. பதினொன்றில் விதவை, பதின்மூன்றிலும் விதவை. ஆதியில் ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தது, தோட்டத்தில் பன்றி வளர்த்தார்கள், பிள்ளைகளை எண்ண முடியாது என்பார். இப்போது அந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார், அல்லது பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. ஃபிராவ் பெக்கரின் மகன் டோமாஸ் அங்கேயே பிறந்தவன், நகரத்திலிருந்து வருவான். தபால்கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறிய ஹெர் லாங்குக்கு ஒரு கால் நல்லது. இவ்வளவுதான் அவருடைய கணக்கு: இரண்டு.

"பதினைந்தில் கிறேன் ஓட்டுகிற துருக்கிக்காரர் யில்மாஸ் இருக்கிறார். அவருடைய மகனும் வளர்ந்த ஆள். இருபதில் ஒரு இந்தியப் பெடியன் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறான். கேட்டால் என்ன?" என்றேன். கிழவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் வேலியால் வணக்கம் சொல்கிறவர்கள்தான், ஆனால் சாவுக்கு எப்படிக் கூப்பிடுவது? பேப்பரைச் சுருட்டினார், விரித்தார். "நாங்கள் இஞ்ச வந்த நேரம் பக்கத்து ஊரில ஒருத்தன் செத்தான். எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை. இப்ப நான் எந்த முகத்தோட இவையளிட்டப் போறது?"

"எப்ப சார்?"

ஆகவே நான் போனேன். கேட்கும்படி யாரும் சொல்லவில்லை, வேலையும் இல்லை இது. யில்மாஸ் தோட்டத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துச் சொல்ல, பாதியில் கையைக் காட்டி நிற்பாட்டினார். "இதைக் கேட்கவே வந்தனீ? நான், மகன், ரெண்டு பேர். வா, சாப்பிடு."

இருபதாம் நம்பர்ப் பெடியன் கார்த்திக். கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் வேலை. பேப்பர்க்காரன் தமிழ் கதைக்கிறான் என்றதிலேயே அவனுக்குச் சந்தோஷம், உள்ளே கூட்டிப்போய் ரீ தந்தான். விஷயத்தைச் சொன்னேன். "டெட் பாடி தூக்கறதா சார்? எப்ப சார்?" என்றான். "அவர் இன்னும் சாகேல்லைத் தம்பி" என்றேன். "அப்போ காலண்டர்ல எப்படி சார் பிளாக் பண்றது?" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவன் கோப்பையை மேசையில் வைத்தான். "எங்க அப்பாவுக்கு நான் ஃபிளைட் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு சார். சாம்பலைத்தான் பார்த்தேன். என்னிக்குன்னாலும் கூப்பிடுங்க. மீட்டிங் இருந்தாலும் வர்றேன்."

மணித்தியாலப் புத்தகம்

ஐந்து பேர் சேர்ந்துவிட்டது என்று சொன்னபோது ஹெர் நோவாக் முதலில் நம்பவில்லை. ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "ஆறாவது நான்" என்றேன். உடனே தலையாட்டினார், இல்லை என்று. ஆறு பேரும் பிர்க்கன்காம்பைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். நான் எங்கேயோ நாலாம் மாடியில் இருக்கிறவன். "கோபிக்காதேயுங்கோ, அது அப்பிடித்தான்" என்றார். நான் கோபிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். ஒரு கிழமை அவருடைய பேப்பரைக் கையில் கொடுக்காமல் பெட்டிக்குள் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

எட்டாம் நாள் கேற்றடியில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தடித்த கொப்பி. அது வீடுகள் கட்டின காலத்து மணித்தியாலப் புத்தகம். ஒவ்வொரு குடும்பமும் இரண்டாயிரம் மணித்தியாலம் வேலைசெய்ய வேண்டும், கிடங்கு வெட்ட, கல்லுச் சுமக்க. அதை முடித்தவன் பிர்க்கன்காம்ப்காரன். அப்போது வீடே எழும்பவில்லை, ஆகவே யார் எங்கே படுக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் முகாமில்தான் படுத்தார்கள். "நீங்கள் இஞ்ச ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?" என்றார். ஒரு மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள். பத்து வருடம். பென்சிலால் பெருக்கினார். மூவாயிரத்துக்கு மேல் வந்தது. கடைசிப் பக்கத்தில் என் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். அதைத் திருப்பிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "வீடு மட்டும் தர ஏலாது, ஹெர் நாதன். எல்லா வீடும் குடுத்து முடிஞ்சுபோச்சு."

மெல்ல, மெல்ல, நில்

அடுத்த மாசி மாதம் அவர் போனார். ஃபிராவ் பெக்கர்தான் சொன்னார், இந்த முறை துண்டு எழுதவில்லை. வீட்டில் என் மனைவி வசந்தி, "ஆரவர் உங்களுக்கு?" என்று கேட்டாள். "பேப்பர் வாங்கிறவர்" என்றேன். அவளுடைய தமையனின் மகளுக்கு வருகிற கிழமை சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்குச் செய்கிற மங்களச் சடங்கு. அதற்கு முன்னம் நான் ஒரு சாவுக்குத் தோள் கொடுக்கப் போகிறேன். என்றாலும் என் கலியாணக் கோட்டை எடுத்துத் தும்பு தட்டிக் கொடுத்தாள்.

ஆறு பேரும் வந்தோம். கொம்பனிக்காரன் வழமைப்படி வண்டியைக் கொண்டுவந்து நிற்பாட்டியிருந்தான். யில்மாஸ் அதைக் கையால் ஒதுக்கிவிட்டார். ஆளுக்கொரு கைபிடி பிடித்துத் தூக்கினோம். உயரத்தில் ஒருவருக்கு ஒருவர் பொருத்தமே இல்லை. கார்த்திக் பனை மாதிரி, நான் அவன் தோளுக்குக் கீழே. பெட்டி என் பக்கம் சரிந்தது. ஹெர் லாங்கின் நல்ல கால்கூட நடுங்கியது. ஆனால் ஒருவரும் விடவில்லை. குழியில் கயிற்றால் இறக்கும்போதுதான் பயந்தேன், ஒருவன் பிந்தினால் கவிழ்ந்துவிடும். யில்மாஸ் கிறேன் மேலே இருந்து இருபது வருடம் பாரம் இறக்கியவர். வாயைப் பெரிதாகத் திறக்காமலே சொன்னார், "மெல்ல, மெல்ல, நில்." ஆறு கையும் ஒரு கை மாதிரி நின்றன. பெட்டி மண்ணைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு கொம்பனிக்காரன் எங்களிடம் வந்து, எந்த நிறுவனத்திலிருந்து வந்தனீங்கள், இன்னொரு இடத்துக்கும் கூப்பிடலாமோ என்று கேட்டான். ஃபிராவ் பெக்கர் முந்திக்கொண்டார். "கூப்பிட ஏலாது. இவையள் எங்கட ஆக்கள்."

வெள்ளைக் கையுறை

தூக்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு சோடி வெள்ளைக் கையுறை தந்திருந்தார்கள். கடைசியில் அதைக் கழற்றிக் குழிக்குள் போடவேண்டுமாம், அதுதான் அங்கே முறை. எனக்கு யார் சொன்னது? இரவல் சாமான், தோய்த்து மினுக்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற அறையில், வசந்தி வாளியில் மஞ்சள் தண்ணீரும் மாற்றுடுப்பும் வைத்துக் காத்திருந்தாள். முழுகாமல் மேலே வரவிடமாட்டாள் என்று தெரியும். கோட்டைக் கழற்றி மெஷின்மேல் போட்டேன். மெஷினடி வாங்கில் உட்கார்ந்த பிறகுதான், நாளைக்கு ஐந்தரைக்கு அந்தக் கேற்றடியால் எப்படிப் போகப்போகிறேன் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு வந்த அழுகையை அடக்க முடியவில்லை. அவள் கிட்ட வந்தாள், என் தலையில் கை வைக்கப் போனாள், அப்போதுதான் கோட்டுப் பையால் எட்டிப் பார்த்த வெள்ளை விரல்களைக் கண்டாள். "இஞ்சேருங்கோ, முதல்ல அந்தச் செத்தவீட்டுக் கையுறையளைக் கொண்டுபோய் வெளியில போட்டிட்டு வாங்கோ. பிறகு இருந்து அழுங்கோ, நானும் இருக்கிறன்."

ஆக, இந்த நாட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது ஒரு இரவுகூடப் படுத்தெழும்பாத ஓர் ஊரில்தான், அதுவும் பெட்டியின் இடப்பக்கத்து நடுக் கைபிடியில்.