லட்சுமி அக்காவின் ஜீப்புக்குப் பவர் ஸ்டியரிங்

ஃபிஜியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, பா டவுனில் இருந்த எங்கள் கராஜுக்கு இரண்டு வகை வண்டிகள்தான் வந்தன. நாட்டை விட்டுப் போகிறவர்கள் விற்பதற்காகத் துடைக்கக் கொடுத்தவை ஒன்று. போகாதவர்கள் இன்னும் சில காலம் ஓட்டியாக வேண்டிய கிழட்டு வண்டிகள் மற்றொன்று. லட்சுமி அக்காவின் ஜீப் எந்த வகை என்று அவர் வீட்டிலேயே முடிவாகவில்லை.

டிராக்டர்தான் அதை இழுத்து வந்தது. வளைவில் திரும்பாமல் நேரே கரும்புக்குள் போய்விட்டதாம். ஓட்டியது அக்கா. அவர் கணவர் ராஜு அண்ணனுக்கு அதற்கு முன்பே தோள்மூட்டு நழுவி, கையைத் தூக்க முடியாமல் இருந்தது. வயலுக்கு ஆட்களை ஏற்றிப் போக வேறு வண்டி கிடையாது.

"ரிப்பேர் பண்ணு தம்பி, வித்துடலாம். ஆக்லாந்துல இருக்கற என் தம்பி, வந்துடுன்னு கூப்புட்டுக்கினே இருக்கான்," என்றார் அண்ணன்.

"ஸ்டியரிங் லேசா ஆனா நானே ஓட்டுவேன். நான் எங்கியும் வரல," என்றார் அக்கா.

"சரி, மலை ரோட்டுல ஓட்டிக் காட்டு. அப்புறம் பேசலாம்," என்றார் அண்ணன்.

முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனைகள் இரண்டும் ஆடின. ஸ்டியரிங் பாக்ஸுக்குள் பல் தேய்ந்திருந்தது. பழைய பாக்ஸை எவ்வளவு சரிசெய்தாலும் திருப்பும்போது கனம் குறையாது. புது பார்ட்ஸ் எப்போது கப்பலில் வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் எங்களிடம் விற்றுவிட்டுப் போன ஜப்பான் பிக்அப் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதன் பவர் ஸ்டியரிங் பாக்ஸ், பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றினோம். எங்கள் ஃபிஜிய வெல்டர் ஜோனி, ஜீப்பின் சேசிஸில் கனமான பிளேட் வைத்து வெல்டிங் செய்தார்.

பிக்அப்பில், சக்கரங்களை இழுத்துத் திருப்பும் பாக்ஸின் ஆர்ம் பின்னோக்கி இருந்தது. ஜீப்பில் இடம் போதாமல் முன்னோக்கிப் பூட்டினோம். முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, அக்காவை உட்காரச் சொல்லி எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன்.

"தம்பி, நான் வலது பக்கம் திருப்பறேன். சக்கரம் இடது பக்கம் போவுது."

ராஜு அண்ணன் குனிந்து பார்த்தார். "வண்டிக்குப் புத்தி இருக்கு. ஆக்லாந்து பக்கம் திரும்புது."

ஜோனிக்குத் தமிழ் தெரியாது. சக்கரத்தைப் பார்த்தே விஷயம் புரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

பிளேட்டை வெட்டி எடுத்து, சேசிஸின் முன்முனையைக் கொஞ்சம் நீட்டி, பாக்ஸை அங்கே நகர்த்தினோம். ஆர்ம் பின்னோக்கிப் போனது. சக்கரமும் சொன்ன பக்கம் திரும்பியது. ஆனால் அக்காவின் முகம் தெளியவில்லை.

"ரோடே தெரியல தம்பி. வீலுக்கு நடுவுல பாத்துக்கினு ஓட்டணுமா?"

நானும் ஜோனியும் உயரம்; எங்கள் அளவுக்கே ஸ்டியரிங் வீலைப் பூட்டியிருந்தோம். அக்கா எங்கள் தோளுக்குக் கீழே. ஸ்டியரிங் ஷாஃப்டில் இன்னொரு ஜாயின்ட் சேர்த்து வீலை இறக்கிக் கொடுத்தோம்.

மலை ரோட்டுக்கு எல்லோரும் போனோம். கப்பி ரோடு. பெரிய வளைவு வந்தபோது அண்ணன் நல்ல கையால் கம்பியை இறுகப் பிடித்தார். அக்கா ஒற்றைக் கையால் திருப்பினார். உச்சிக்குப் போய் வண்டியை நிறுத்தினார்.

"ஆக்லாந்து தம்பிக்குப் போன் பண்ணிடு, வீடு பாக்க வேணாம்னு," என்றார் அண்ணன்.

"நீங்களே சொல்லுங்க. போஸ்ட் ஆபீஸ்ல நிறுத்தறேன்," என்றார் அக்கா.

அதன் பிறகு ஒவ்வொரு கரும்பு வெட்டுக்கு முன்னும் அந்த ஜீப் கிரீஸ் போட வந்தது. அக்காதான் ஓட்டி வருவார். ஸ்டியரிங் வேலை எது வந்தாலும், யார் ஓட்டப்போகிறார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். அந்த ஆள் வந்து சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வெல்டிங் மெஷினுக்குக் கரண்ட் கொடுப்போம்.