வீடு வைத்திருப்பவளுக்கு இருபத்தொன்பது நாள்

குவைத்தில் ஜூலை மாதம் வந்தால் குளியலறைக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஹீட்டரை அணைத்துவிட்டு அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைகளுக்கு இது தெரியாது. பள்ளிக்கு இரண்டரை மாதம் விடுமுறை; எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள். பூட்டிய பள்ளியின் விடுதியில் நான் ஒருத்தி மட்டும் இருக்கிறேன். ஊருக்குப் போனவள் ஏன் அதற்குள் திரும்பினாள் என்பது ஈரானியக் காவலாளிக்குப் புரியவில்லை. பூட்டிய பள்ளியைக் காட்டிக் கையை விரித்து "மதரஸா இல்லை, ஏன்?" என்று கேட்டார். வருமான வரியை விளக்க மொழி தெரியாமல் "டாக்ஸ்" என்றேன். தலையாட்டிவிட்டு அந்த வெயிலில் தெருமுனைவரை நடந்துபோய் ஒரு டாக்ஸியைக் கூட்டிவந்துவிட்டார். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். இனி யாரும் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்வதாக இருக்கிறேன்.

என்னைப்போல வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் ஊரைவிட்டு வந்து இரண்டு வருடமாகிறது. போன கோடையில் ஊருக்குப் போகவில்லை. என் மகள் செல்வி முதல் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்ததால் இந்தக் கோடையில் போனேன். கணவர் இறந்த பிறகும் செவிலிமேட்டில் அந்த வாடகை வீட்டை நான் விடாமல் வைத்திருப்பதே அவளுக்கு ஒரு தாய்வீடு வேண்டும் என்பதற்காகத்தான். போன இடத்தில், எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று காஞ்சிபுரத்தில் ஓர் ஆடிட்டரிடம் போனேன். நிறைமாத வயிற்றோடு செல்வியும் துணைக்கு வந்தாள். ஆடிட்டர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க இங்க வீடு வச்சிருக்கீங்களாம்மா?" என்றார். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆம்பளைங்களக் கேக்கற கேள்வி சார் அது" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தியாவில் ஆறு மாதத்துக்கு மேல் வீடு வைத்திருப்பவர் வருடத்தில் முப்பது நாள் இங்கே தங்கினால் அவர் 'ரெசிடென்ட்'. என்னைப்போலச் சமீபத்தில் வெளியே போனவர் ரெசிடென்ட் ஆனால் குவைத்துச் சம்பளம் முழுவதற்கும் இங்கே வரி. அந்தச் சம்பளத்தை நம்பித்தான், கிளம்புவதற்கு முன் கடன் வாங்கி, செல்வியின் கல்யாணத்தையே செய்தேன்.

"வீடு இல்லாதவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு அறுபது நாள்" என்றார்.

வீடு இல்லாதவன் இரண்டு மாதம் ஊரில் இருக்கலாம். வீடு வைத்திருப்பவள் முப்பதாவது நாள் விடிவதற்குள் வெளியேறிவிட வேண்டும். இதை எழுதியவர்களுக்கு வீடு எதற்கென்று தெரிந்திருக்குமா?

பம்பாயில் இறங்கிய நாளும் கணக்கு, ரயிலில் உட்கார்ந்திருந்த நாட்களும் கணக்கு. அவை போக என் வீட்டில் எனக்கு மிஞ்சியவை இருபத்திரண்டு நாட்கள். டாக்டரம்மா குறித்துக்கொடுத்த தேதி அதற்குள்தான் இருந்தது. தேதி வந்தது, வலி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குழந்தைகளுக்கு நாட்காட்டி பார்க்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவள் நான். அந்த ஒரு வாரமும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன். கிளம்பும் நாளில் பிள்ளையார்பாளையத்திலிருந்து சம்பந்தியம்மாள் வந்தாள். பட்டுக்கு இழை முடிகிற கையால் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா வூட்டுக்குப் பிரசவத்துக்குன்னு அனுப்பினோம். இப்போ அம்மாவே பெட்டியக் கட்டிக்கினு நிக்கிறாங்க. கொழந்தைக்கும் கவுருமெண்டு தேதி போட்டு அனுப்புமா சம்மந்தி?" செல்விதான், "நீ கெளம்பும்மா. பக்கத்து வூட்டு அக்கா இருக்குது. எனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இருபத்தொன்பதாவது நாள் பம்பாயிலிருந்து புறப்பட்டேன். முப்பதாவது நாள் செல்விக்கு ஜன்னி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தட்டியும் கதவு திறக்காததால் ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்தாளாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் செல்வி இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். தந்தி எனக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுத்துப் பிழையாகி, இந்தக் கட்டுரையையே மூன்றாம் முறையாகப் படியெடுக்கிறேன். கையெழுத்துப் போடத் தாயார் எங்கே என்று நர்ஸ் கேட்டாராம். சம்பந்தியம்மாள், "அவுங்களுக்கு நாளு முடிஞ்சிபோச்சு, போய்ட்டாங்க" என்றிருக்கிறாள். நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடப் பாவமே, எப்போ?" என்றாராம். இதை எனக்கு எழுதிய மாப்பிள்ளை வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து செல்வியை நேரே மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டில் அவளுக்குப் பத்தியம் வைக்க யார் இருக்கிறார்கள்? தாழ்ப்பாளைச் சரிசெய்து வெளியே பூட்டிவிட்டார்களாம். பூட்டிக் கிடந்தாலும் சட்டப்படி அது நான் வைத்திருக்கும் வீடுதான்.

இரண்டு வாரம் முன்பு செல்வியின் முதல் கடிதம் வந்தது. குழந்தைக்குத் தன் மாமியாரின் ஜாடை என்று எழுதியிருந்தாள். கடைசியில் நான்கு வரி. 'அம்மா, அந்த வீட்டை விட்டுவிடு. அடுத்த பிரசவத்தை நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். வீடு இல்லையென்றால் உனக்கு அறுபது நாள் என்று ஆடிட்டர் சொன்னாரே. நீ இங்கே வந்து என்னோடு இருந்துவிட்டுப் போகலாம்.' கோபத்தில் எழுதினாளா, அன்பில் எழுதினாளா என்று பலமுறை படித்தும் தெரியவில்லை. சம்பந்தி வீட்டில் விருந்தாளியாக அறுபது நாள். அதுவும் ஒரு நாள் குறைவாகத்தான்.

வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டேன். நல்ல மனிதர். வருத்தப்பட்டு இன்று பதில் போட்டிருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு செல்வி குளிக்க வேதுத் தண்ணீர் காய்ச்ச நான் வாங்கிவைத்த பெரிய அண்டா மூலையில் அப்படியே இருக்கிறதாம். "எல்லா சாமானையும் கட்டி வெச்சிடறேன் டீச்சரம்மா. ஒங்க வூட்டு அட்ரஸ் மட்டும் எழுதுங்க, அனுப்பிடறேன்" என்று பேசுவது போலவே எழுதியிருக்கிறார்.