லக்கேஜ் டிக்கெட்

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பதினோரு வருடம் ஃபிட்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டேன். பழைய பேரிங், சைக்கிள் செயின் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துச் சிலை செய்யப்போகிறேன் என்றதும் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது.

முதல் சிலை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சாக்கில் சுற்றி, கழுத்தைப் பிடித்துத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன்.

“என்னதுய்யா இது?” என்றார் கண்டக்டர்.

“மோட்டார் சாமான்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வழியில் பஸ் குலுங்கிச் சாக்கு நழுவியது. பக்கத்தில் மாம்பழக் கூடையோடு இருந்த ஒரு அம்மா, சிலையையே பார்த்தார். பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்களும் செத்த தள்ளி உக்காருங்கய்யா. அவியளுக்கு முட்டி இடிக்குதுல்ல.”

அவிய. வீட்டுப் பெரியவர்களைச் சொல்லும் வார்த்தை.

“இது இரும்பும்மா” என்றேன்.

“இருக்கட்டும். எம்புட்டு நேரமா இப்படியே உக்காந்திருக்காவளோ.”

அந்த அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. நழுவிய சாக்கை எடுத்துச் சிலையின் தோளில் போர்த்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் சிலையை இறக்கக் குனிந்தேன். கழுத்தில் கை வைக்க மனம் வரவில்லை. கண்டக்டர் அவசரப்படுத்த, எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் நின்றேன்.