இறக்கத்தில் சார்ஜ் ஏறும் கார்

இரண்டாயிரத்து ஒன்பதில் அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரத்துக்கு மூன்று நாள் மதுரையில் டயாலிசிஸ். தேனி அல்லிநகரத்திலிருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாகப் போக இரண்டு மணி நேரம், மெஷினோடு நான்கு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். முதலில் பஸ்ஸில்தான் கூட்டிப் போனேன். ஒருநாள் திரும்பும்போது நிற்க முடியாமல் அவர் பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன்.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். டீசலை மிச்சம் பிடிப்பதில் டிப்போவில் பேர் வாங்கியவர். காரில் ஏறிய முதல் நாளே கேட்டார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"பதினொண்ணு, பன்னெண்டு வரும்ப்பா."

"பத்தாதே."

அதன் பிறகு பயணம் முழுக்க அதே பேச்சுத்தான். ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின் சீட்டிலிருந்து "ச்சு" என்று சத்தம் வரும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துப் படுக்கை ஒரு காலேஜ் வாத்தியாருடையது. ஹைபிரிட் கார் பற்றி அவர்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அன்று மாலை காரில் ஏறியதும் அப்பா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பெட்ரோல்லயும் ஓடுமாம், பேட்டரிலயும் ஓடுமாம்டா. அந்த சார் சொன்னாக. பிரேக் புடிச்சா சார்ஜ் ஏறுமாம். எறக்கத்துல வீணாப் போறத அது புடிச்சு வச்சுக்கிருமாம்!"

அவர் குரலில் அந்தத் தெம்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அடுத்த முறை அவரை மெஷினில் விட்டுவிட்டு மதுரையிலேயே ஒரு ஷோரூமுக்குப் போனேன். விற்பனையாளர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"தினம் எங்க சார் ஓட்டுவீங்க?"

சொன்னேன்.

"அப்ப உங்களுக்குப் பெருசா லாபமில்ல சார். சிக்னல்ல நின்னு நின்னு போற ஊருக்குள்ளதான் பேட்டரி நல்லா வேலை செய்யும். ஒரே சீரா அறுபது எழுபதுல போனா முக்காவாசி நேரம் பெட்ரோல்லதான் ஓடும். டீசல் காரே போதும் உங்களுக்கு."

விலையும் சொன்னார். எங்கள் வீட்டை விற்றாலும் பாதிக் கார்தான் வரும். பேட்டரி கெட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். தேனிப் பக்கம் ஆள் கிடையாது என்றார்.

"பாத்தியாடா?" என்றார் அப்பா காரில் ஏறியதும், ஊசி குத்திய தன் கையைப் பிடித்தபடி.

"நல்லாருக்குப்பா. கொஞ்சம் பொறுத்தா விலை குறையும்னு சொன்னாக."

"எத்தன நாளு பொறுக்கணும்?"

நான் வண்டியை எடுத்தேன்.

சில வாரம் கழித்து அந்த வாத்தியார் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸிடம் அப்பா எதுவும் கேட்கவில்லை. என்னிடமும் அதன் பிறகு மைலேஜ் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வரலடா."

அம்மா அழுதாள். போனில் டாக்டர் எப்படியாவது கூட்டி வரச் சொன்னார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தேன். கனமே இல்லை. அடுத்த முறையும் தூக்கித்தான் கொண்டு போனேன். மூன்றாம் முறை தூக்கக் குனிந்தபோது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய இங்கனயே விட்ருடா."

தூக்கப் போன கையை எடுத்துவிட்டேன். எடுத்திருக்கலாமா, கூடாதா என்று இன்றுவரை தெரியவில்லை.

டயாலிசிஸை விட்ட ஒன்பதாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. "போகலாமாப்பா?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று புரியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான் நின்றுகொண்டிருக்கும்போதே போய்விட்டார்.