மஞ்சள் கேட் வீட்டில் ஒரு காபி

முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சோபாவில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, இரண்டாவது முறை சட்னியும் கேட்டு வாங்கி, கடைசியில் "பில் குடுங்க" என்று சொன்ன அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

எனக்கு உண்டு. போன ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. அன்றிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். "டாக்டர்கிட்ட போலாமா?" என்று என் கணவர் நிஜமாகவே கேட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். என் நாத்தனார் சந்திரா ஆற்காட்டிலிருந்து வந்திருந்தாள். கணவரின் தங்கை. நானும் அவளும் சேர்ந்துவிட்டால் வீட்டில் உள்ள ஆண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் சத்தம் அப்படி. கோயிலுக்குப் போய் வந்தாயிற்று. அடுத்து என்ன? "அண்ணி, உங்க ஊர்ல வெள்ளக்காரங்க போற கிஃப்ட் கடை, கஃபே எல்லாம் இருக்காமே. ஒரு நாளாவது காட்டினீங்களா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. வேங்கிக்காலில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். மார்க்கெட், பேங்க், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு டெய்லர்... என் திருவண்ணாமலை அவ்வளவுதான். ஆசிரமங்கள் இருக்கிற பக்கம் போனால் பௌர்ணமிக் கூட்டத்தோடு நடந்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனாலும் நாத்தனாரிடம் விட்டுக்கொடுக்க முடியுமா? எல்லாம் தெரிந்தவள் மாதிரி, "கிளம்பு" என்றேன்.

முதல் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே காத்திருக்க வேண்டும். கூழாங்கல்லில் மலையை வரைந்து வைத்திருந்தார்கள். வெட்டிவேரில் புக்மார்க். குரோஷாவில் பின்னிய கத்தரிக்காய். "கத்தரிக்காய் எதுக்கு அண்ணி?" என்றாள் சந்திரா. சும்மா, பார்க்க... என்றேன். பார்த்தாள். இரண்டு வாங்கினாள்.

இரண்டாவது கடையின் உரிமையாளர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். காட்டன் புடவை, நெற்றியில் பொட்டு. சந்திரா தன் ஆற்காட்டு வழக்கப்படி ஒரு சணல் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ரொம்ப ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி பண்ணு" என்று ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் நல்ல தமிழில், "கைவேலை கண்ணு, பேரம் பேசக் கூடாது" என்று சொன்னதும் வாயடைத்துப்போய் சொன்ன விலைக்கே வாங்கிவிட்டாள். இருபத்தைந்து வருட நாத்தனார் உறவில் அவள் வாயடைத்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை!

அப்புறம் ஒரு கஃபே. தரையில் மெத்தை போட்டு, குட்டி மேஜை வைத்திருந்தார்கள். உட்கார்ந்துவிட்டோம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. முந்திரிப் பாலில் சர்க்கரை போடாத ஒரு கோல்டு காபி. ஆரோக்கியம் என்றார்கள், நம்பிக் குடித்தோம். பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண் அதைப் பித்தளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். இந்தப் பக்கம் இதெல்லாம் சகஜம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பின்னால் நடந்ததற்கு அந்தத் தாவணியும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் அண்ணன் மகள் நித்யா. காலேஜில் படிக்கிறாள். இந்த ஊர்க் கஃபேக்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன் போட்டு, நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "கிரிவலப் பாதையிலேர்ந்து உள்ள திரும்பி மூணாவது சந்து அத்தை. மஞ்சள் கேட்டு, வாசல்ல வேப்பமரம். போர்டு இருக்காது. வீடு மாதிரியே இருக்கும், அதான் கான்செப்ட். மெனு கார்டு கிடையாது, அவங்க குடுக்கறதுதான். நீங்க வர்றீங்கன்னு நான் போன் பண்ணி சொல்லிடறேன்" என்றாள்.

சந்து இருந்தது. மஞ்சள் கேட் இருந்தது. வேப்பமரமும் இருந்தது. போர்டு இல்லை. மணி மூன்றேகால்.

நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, அறுபது வயதிருக்கும். "வாங்க வாங்க, வழி கண்டுபுடிக்க செரமமா இருந்துச்சா?" என்றார். பின்னாலேயே அவர் மனைவி. குடிக்கத் தண்ணீர், ஃபேன் ஐந்தில், சோபாவில் புது விரிப்பு. நித்யா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பையன் வரலைங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

எனக்கு ஒரு பையன் இருப்பதைக்கூட நித்யா சொல்லியிருக்கிறாளே! "அவனுக்கு இதெல்லாம் புடிக்காதுங்க. வீட்லயே படுத்துட்டிருக்கான்" என்றேன். பெரியவர் முகம் சட்டென்று வாடியது. பாவம், இளைஞர்கள் வருவதில்லை என்று கவலைப்படுகிறார் போலும்...

கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. தேங்காய்ச் சட்னி வந்தது. முந்திரிப்பால் குடித்த வாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஒரு தட்டு முடிய இன்னொரு தட்டு. சந்திரா சட்னி கேட்டாள். உடனே ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். "இதுதான் அண்ணி சர்வீஸு" என்று என் காதில் சொன்னாள்.

அப்புறம் காபி. கொண்டுவந்த பெண் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். டிரேயை நீட்டிவிட்டுக் கைகூப்பினாள். நகராமல் நின்றாள்.

இந்த இடத்தில் எந்த மரமண்டைக்கும் உறைத்திருக்கும். உங்களுக்கு எப்போதோ உறைத்திருக்கும். எங்களுக்கு? "கான்செப்ட்" என்று கண்ணாலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, "எதுக்கும்மா நிக்கற, உக்காரு" என்றோம்.

சந்திராவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. எழுந்து ஹாலைச் சுற்றினாள். மூலையில் ஒரு அலமாரி, மேலே பூப்போட்ட பெட்ஷீட் தொங்கியது. கிஃப்ட் கடைகளாகப் பார்த்து வந்த கை அல்லவா? சர்ரென்று விலக்கிவிட்டாள்.

உள்ளே ஒரு குட்டி ஊரே இருந்தது!

களிமண்ணில் செய்த ஃபிரிட்ஜ் மேக்னட்டுகள். கட்டைவிரல் அளவுக்கு டபரா டம்ளர், மேலே நுரை. நாலு குழி இட்லித் தட்டு. பன்னீர் சோடா பாட்டில். எட்டுப் பேர் தொங்குகிற ஷேர் ஆட்டோ. ஒரு டவுன் பஸ். அதன் டிரைவருக்கு அரிசி அளவில் ஒரு மீசைகூட இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகி, இதைப் பார், அதைப் பார் என்று குதித்துக்கொண்டிருந்தோம். பெரியவர் மட்டும் எழுந்து வந்து, "சும்மா பொழுதுபோகாம பொண்ணு பண்றதுங்க. விட்டுடுவா" என்றார். அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்க விடணும்?" என்றேன். "இவ்வளவு திறமைய வெச்சுக்கிட்டு துணியப் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே."

அந்தப் பெண் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் பண்ணலாமாங்க?"

"தாராளமா பண்ணு. யாரு வேணாம்னாலும் விடாதே" என்றேன். என்னமோ உலகத்துக்கே அனுமதி கொடுக்கிறவள் மாதிரி.

அவள் கண் நிறைந்துவிட்டது. அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல குடும்பம், பாராட்டினால் இப்படி உருகுகிறார்களே என்று நானும் உருகிவிட்டேன். அந்த உருக்கத்திலேயே ஆறு மேக்னட்டுகளைப் பொறுக்கி எடுத்து, பர்ஸைத் திறந்து, "பஜ்ஜி காபியெல்லாம் சேர்த்து ஒரே பில்லா குடுத்துடுங்க" என்றேன்.

பெரியவர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க..." என்றார் பெரியவர். "கீழ்பென்னாத்தூர்லேர்ந்துதானே வர்றீங்க?"

"இல்லைங்களே. வேங்கிக்கால்."

அவ்வளவுதான். மூன்றாவது சந்துக்குப் பதில் இரண்டாவது சந்தில் திரும்பியிருக்கிறோம். நித்யாவின் கஃபே அடுத்த தெருவில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இவர்கள் காத்துக்கொண்டிருந்தது கீழ்பென்னாத்தூரிலிருந்து நாலு மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டாருக்காக. பையனின் போட்டோவைத்தான் பார்த்திருக்கிறார்கள், மற்றவர்களை நேரில் பார்த்ததில்லை. நாங்கள் அவர்கள் வீட்டுக் கேசரியைக் காலி செய்து, பெண்ணை முழுசாகப் பார்த்து முடித்திருந்தோம்!

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பஜ்ஜிக்காக இல்லை. அந்தப் பெண்ணுக்காக. பெயர் சுகன்யா. எம்.காம். படித்து, ஒரு ஆபீஸில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவள் ஆறு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள். நாங்கள் காலையில் பார்த்த மாடிப்படிக் கடைக்குக்கூட மேக்னட் போடுகிறாளாம். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் பதிலே சொல்லவில்லையாம். மூன்றாவதாக வருகிறவர்களிடம் வாயைத் திறக்காதே என்று அப்பா கெஞ்சியிருக்கிறார். அலமாரிக்குப் பெட்ஷீட் போட்டவரும் அவர்தான். அவளும் சரி என்று ஒத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் போய் "விடாதே" என்று மாமியார் ஸ்தானத்திலிருந்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைக் கொடுக்க நான் யார்?

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் சுகன்யா சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமல். சந்திரா சிரித்தாள். அம்மா சிரித்தார். கடைசியில் பெரியவரும் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

சிரித்து முடித்தபோது மணி நாலுக்குப் பத்து நிமிடம். பாத்திரத்தில் இருந்தது மூன்று பஜ்ஜி. சந்திரா தான் வாங்கிய சணல் பையை என் மடியில் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாழைக்கா இருக்கா அக்கா?" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். சாப்பிட்டதற்குப் பிராயச்சித்தம். நான் டம்ளர் கழுவினேன். பெரியவர் அலமாரியை மறுபடி மூடப் போனார். "இருக்கட்டும்பா" என்றாள் சுகன்யா. அவர் பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்து உள்ளே எடுத்துப்போனார்.

சொன்னபடி நாலு மணிக்குக் கார் வந்தது. பையனும் அவன் அம்மாவும். பையன் அமைதியான பையன். அம்மா மரியாதையாகத்தான் பேசினார். என்னைப் பார்த்து, "இவங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டார். சுகன்யாவின் அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"என் கஸ்டமருங்க" என்றாள் சுகன்யா. "இந்த மேக்னட்டெல்லாம் நான்தான் பண்றேன். இதான் என் தொழிலு."

சொல்லிவிட்டாள்! ஒரு தடவை சொல்லிப் பார்த்த வாய்க்கு இரண்டாவது தடவை சுலபமாக வந்துவிட்டதோ என்னவோ. நான்தான் காபி டிரேயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்தான். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குங்க" என்று பெரியவரிடம் திரும்பினார். "ஆனா கல்யாணத்துக்கப்புறம் இந்த யாவாரமெல்லாம் வேணாம். எங்க வூட்ல பழக்கமில்ல. அத மட்டும் சொல்லிப்புட்டீங்கன்னா, இப்பவே பூ வெச்சிடலாம்."

மாதக்கணக்கில் அந்த மனிதர் காத்திருந்த வார்த்தை இது. இதற்காகத்தானே அலமாரியை மூடினார்? அவர் "சரி" என்று சொல்லிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சுகன்யாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்த்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"நாங்க வீட்ல கலந்து பேசிட்டு போன் பண்றோங்க" என்றார்.

இந்த வசனத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருப்பீர்கள்? என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் என் அப்பா வீட்டிலேயே மூன்று தடவை கேட்டேன். எப்போதும் மாப்பிள்ளை வீட்டார்தான் சொல்வார்கள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. பெண்ணைப் பெற்றவர் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மரியாதையாக, நிதானமாகச் சொல்லி ஐம்பது வயதில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

பலமாகக் கை தட்டியிருப்பேன்... கையில் டிரே இருந்ததால் மாப்பிள்ளையின் அம்மாள் தப்பித்தார்.